நைனா பெயருக்கு முன்னால் ஒரு திரு

காலையில் செல்போனில் ஒரு செய்தி வந்தது. ‘அன்புள்ள திரு. முனுசாமி அவர்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். மிக்ஸி, கிரைண்டர் வாங்கினால் சிறப்புத் தள்ளுபடி.’ முனுசாமி என் நைனா. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. எப்போதோ அவர் பெயரில் ஒரு மின்விசிறி வாங்கி, என் நம்பரைக் கொடுத்திருந்தேன். போதாததற்குப் பிறந்தநாளாம்! மாடு கன்று போட்ட வருஷத்தில் பிறந்தவர் என்பதற்கு மேல் அவருக்கே தெரியாது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், உங்களுக்குத்தான் தெரியுமே. கடைக்குப் போன் போட்டு, செத்துப்போனவருக்கு மிக்ஸி எதற்கு என்று கத்தினேன். ஒரு சின்னப் பெண், “சாரி மேடம், சிஸ்டம்ல அதுவா போவுது. கேட்டுட்டுக் கூப்புடுறேன்” என்றாள். அதுவா போகிறதாம். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? ‘அதுவா’ என்ற அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது செஞ்சியில்.

எண்பதுகளின் கடைசி. திண்டிவனம் ரோட்டில் ஒரு பம்புசெட் கடை. செஞ்சியிலேயே முதல் கம்ப்யூட்டர் தன்னுடையதுதான் என்று அந்தக் கடையின் சின்ன முதலாளி சொல்லிக்கொண்டு திரிவார். அதற்காகக் கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏசி போட்டு ஒரு அறை. மோட்டார் வாங்க வந்தவர்கள் வெயிலில் நிற்பார்கள், மெஷின் குளிரில் இருக்கும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்த என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பவுடர் அப்பிக்கொண்டு, ராக்கெட் விடப் போகிறவள் மாதிரி போவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வேலை இதுதான். மோட்டார் வாங்கியவர் பெயர், அப்பா பெயர், தெரு, ஊர், மோட்டார் நம்பர், எப்போது சர்வீஸ் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். நமக்குச் சரக்கு அனுப்பும் கோயம்புத்தூர் கம்பெனிகளுக்குத் தனிப் பகுதி. அவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு மெசர்ஸ் என்று போட வேண்டும். ஓட்டை பேரிங்கைத் தலையில் கட்டுகிறவனுக்கும் மெசர்ஸ்தான், அதில் யாருக்கும் கஷ்டமில்லை.

மனுஷர்களிடம்தான் கஷ்டம். அதுவரை கையால் முகவரி எழுதிய கணக்குப்பிள்ளை, ஊர்த் தெருக்காரர்களுக்குத் ‘திரு’வும் ‘அவர்களும்’ போடுவார். காலனிக்காரர்களுக்கு மொட்டைப் பெயர். அப்படி எழுது என்று யாரும் சொன்னதில்லை, கை தானாக அப்படிப் போகும். ஆனால் பாண்டிச்சேரியிலிருந்து வந்து புரோகிராம் எழுதியவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. முதல் கட்டத்தில் மரியாதைச் சொல் போடாமல் விட்டால் மெஷின் கீய்ங்கென்று கத்தும், அடுத்த கட்டத்துக்கு நகராது. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! நான் தொண்டூர் காலனிப் பெண். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் திரு, திரு என்று அடித்துக்கொண்டே போனேன்.

வருஷப் பிறப்புக்குக் கடைக் காலண்டர் கொடுப்பார்கள், அட்டையில் பெயர்ச் சீட்டு ஒட்டி. அந்த வருஷம் சீட்டெல்லாம் கம்ப்யூட்டரில். சோதனைக்கு முதலில் தொண்டூரைத்தான் அச்சடித்தேன், வேறு எதை அடிப்பேன்? நைனா சீட்டை மட்டும் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிணற்றுக்கு அந்தக் கடையில்தான் மோட்டார் வாங்கியிருந்தார்.

“இன்னா போட்டிருக்குது?”

“திரு முனுசாமின்னு நைனா.”

அவர் சிரித்துவிட்டார். “எனக்கா? வேற முனுசாமியா இருக்கும், நல்லாப் பாரு.”

சிரித்தாரே தவிர, மறுநாளே டீக்கடையில், “நம்ம பேருக்கு திரு போட்டுக் காலண்டரு வருது” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இங்கே கடையில் சின்ன முதலாளி சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். “காலனிக்கும் திருவா? ஊர்க்காரன் பாத்தா சிரிக்க மாட்டான்?” என்றவர், நான் அங்கே இருப்பது நினைவு வந்து, “உன்னச் சொல்லலம்மா, நீ படிச்ச பொண்ணு” என்றார். அந்தச் சலுகையைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை.

பாண்டிச்சேரிக்காரரை வரவழைத்தார்கள். இனி தெரு என்ற கட்டத்தில் காலனி என்று இருந்தால் மரியாதைக் கட்டத்தை மெஷினே காலியாக விடும், ஏற்கெனவே போட்டதையும் அழித்துவிடும். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார், புண்ணியவான். கணக்குப்பிள்ளையாவது ஒவ்வொரு தடவையும் தெருவைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. மெஷினுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நைனா காலண்டர் வாங்க வந்தார். கூடவே டீக்கடை ஆட்கள் இரண்டு பேர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது.

“மொதல்ல இருந்த எழுத்தக் காணமே, பாப்பா?”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். எழுந்து போய்ச் சின்ன முதலாளியிடம், “எங்க நைனா பேர்ல இருந்த திருவ யாரு எடுத்தது?” என்று கேட்டேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “நா எங்கம்மா எடுத்தேன்? கம்ப்யூட்டரு அதுவா எடுக்குது.”

“அதுவா எடுக்குதா? அதுக்கு எங்க தெருவக் காட்டிக் குடுத்தது யாரு?”

செருப்பை மாட்டிக்கொண்டு நைனாவோடு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் காலண்டரில் இருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். நான் முன்பு கொண்டுவந்த சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, சோற்றுப் பருக்கை தேய்த்து அதே இடத்தில் ஒட்டினார். தாளெல்லாம் கிழிந்து தீர்ந்த பிறகும் அந்த அட்டை சுவரிலேயே தொங்கியது.

அந்தச் சுவர் ஒரு மழையில் இடிந்து, அட்டையும் மண்ணோடு போயிற்று. பம்புசெட் கடை இல்லை, அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஏசி அறையும் மெஷினும் எந்தக் காயலான் கடைக்குப் போயினவோ. நைனாவும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காலையில் பேசிய அந்தக் கடைப் பெண் கூப்பிட்டாள். “மேடம், அந்தப் பேர சிஸ்டத்துலேர்ந்து எடுத்துடலாமாம். எடுத்துடவா?”

“எடுக்காத” என்றேன். போட்ட சத்தத்தில் அவள் பயந்திருப்பாள். “வருஷா வருஷம் அனுப்பும்மா. அப்படியே, திருவோட அனுப்பு.”