மஞ்சள் மார்க்கரும் என் ஆஸ்பத்திரி பில்லும்

அன்று மதியம் ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவில் எங்கள் ஓட்டலில் மூன்றே பேர்: கல்லாவில் முதலாளி, சமையல்காரனான நான், மூலை மேசையில் வழக்கமாகச் சாப்பிட வரும் காலேஜ் பெண். கொண்டையில் செருகிய பென்சில், கையில் மஞ்சள் மார்க்கர். காலேஜில் ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கிறவள். எங்கள் மெனு கார்டில்கூடக் கோடு போட்டு வைப்பாள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு நெஞ்சுவலி என்று பயந்து நான் எமர்ஜென்சிக்கு ஓடியிருந்தேன். வெறும் வாயு. பில் ஆயிரத்து இருநூற்றுப் பத்து டாலர். எனக்குத் தூக்கம் போனது. அவளோ அந்தப் பில்லை ஹோம்வொர்க்குக்கு வாங்கிக்கொண்டாள். எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள் என்று இரண்டு வாரம் உயிரை எடுத்தாள். என்னிடம் கையெழுத்து வாங்கி, அங்கே நான் நிரப்பிய ஃபாரத்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்துவிட்டாள். அன்று அதைத்தான் மேசையில் விரித்து வைத்திருந்தாள்.

“என்ன மாஸ்டர், எல்லாத்துக்கும் எஸ்னு டிக் பண்ணிருக்கீங்க?”

“எட்டாவதோட நின்னவன்மா. நோன்னு போட்டு ஏதாவது ஆயிட்டா?”

“கர்ப்பமா இருக்கீங்களாங்கிறதுக்கும் எஸ். அதுக்கு டெஸ்ட் எடுத்து முப்பத்தெட்டு டாலர் சார்ஜ் பண்ணிருக்காங்க.”

“எத்தனை மாசம் மாஸ்டர்?” என்றார் முதலாளி.

அவள் சிரிக்கவில்லை. “உங்களைப் பாத்துட்டும் ஒருத்தர்கூட அதை நிறுத்தலையே. அது யார் வேலை?” என்று அந்த வரியில் கோடு போட்டாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி முப்பத்தெட்டையும் கழிக்க வைத்தாள்.

“அப்ப மிச்சம்?” என்றேன் ஆசையாக.

“அது சரியான சார்ஜ், மாஸ்டர். கட்டிடுங்க.”

அவள் என் பக்கமா, ஆஸ்பத்திரி பக்கமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. பாக்கி ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு டாலர்.