நான் கவிழ்த்து வரைந்த வில்

1. படுத்துக்கொண்டு அடிக்கிற வில்

"அண்ணாச்சி, இந்த வில்லை நான் எப்படி அடிக்கது? படுத்துக்கிட்டா?"

போர்டில் நான் வரைந்திருந்த வில்லைக் காட்டி கோமதி இப்படிக் கேட்டபோது என் கடையில் விசிட்டிங் கார்டுக்காக நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். சங்கரன்கோவிலில் பிரஷ் பிடித்து போர்டு எழுதி, ஃப்ளெக்ஸுக்கு மாறி, கம்ப்யூட்டரில் கோரல்டிரா வரை வந்தவன் நான். எனக்குக் காது சுட்டது.

விஷயம் இதுதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெபமணி சார், பனவடலிசத்திரம் போகிற வழியில் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் ஒன்று திறக்க இருந்தார். லோகோ, லெட்டர்பேட், டிக்கெட், பெயர்ப்பலகை எல்லாம் என் பொறுப்பு. கோமதி வில்லுப்பாட்டுக்காரி, கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் அவளைப் பிடிப்பதே கஷ்டம். நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குத் தன் முதல் வில்லைத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

2. குதிரை எங்கே?

சாருக்கு ஆசை அதிகம். "வே, கரகம் வரணும், பறை வரணும், பொய்க்கால் குதிரை வரணும். ஓரத்துல கமிட்டிக்காரங்க போட்டோவும் போட்டுரும்."

"சார், இது லோகோவா, கல்யாண ஃப்ளெக்ஸா?"

கேட்டதையெல்லாம் போட்டு, டிக்கெட் அளவுக்குச் சுருக்கிப் பிரின்ட் எடுத்துக் காட்டினேன்.

"குதிரை எங்க வே?"

"அந்தக் கறுப்புப் புள்ளிதான் சார்."

அதன்பிறகுதான் இறங்கி வந்தார். வில் ஒன்றை மட்டும் எடுத்தேன். வளைவு மேலே, தோரணவாயில் மாதிரி. அதன் அடியில் பெயர். "ஜோரா இருக்கு வே" என்றார் சார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடைக்கெல்லாம் நான் போவது, என் ஃப்ளெக்ஸை நேராகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான். மேடையை யார் பார்த்தது?

3. வராத வில்

அந்த வில்லோடு எழுதி முடித்த பெயர் போர்டைத்தான் அன்று கடையில் கோமதி பார்த்துவிட்டாள்.

"நாண் மேல இருக்கணும், வளைவு கீழ. நடுவுல குடத்தோட சேத்துக் கட்டுவோம். நாணைத்தான் கோலால அடிக்கது. நீங்க வரைஞ்சிருக்கது, பாட்டு முடிஞ்சு அவுத்துக் கவுத்துப்போட்ட வில்லு. இந்த போர்டு தொங்குத எடத்துக்கு என் வில்லு வராது."

"டிசைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தாம்மா இருக்கும்."

"அப்ப ஒங்க கடை போர்டுல கம்ப்யூட்டரத் தலைகீழா வரைங்க, பாப்போம்."

நாலு பேரும் மறுபடி சிரித்தார்கள். திறப்பு விழாவுக்கு மூன்றே நாள். வில் வராவிட்டால் சாரின் நடுக்கூடம் காலி. அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் சாயங்காலம் சிவகிரியில் அவளுக்கு நிகழ்ச்சி. பஸ் பிடித்துப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கோல் நாணில் விழுந்ததும் வளைவில் கட்டிய மணிகள் எல்லாம் குலுங்கின. அடடா, இத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! அங்கேயே நோட்டில் போட்டேன்: நாண் ஒரு நேர்கோடு, அதன்மேல் பெயர், கீழே வளைவும் குடமும்.

ஊர் திரும்பிப் புது ப்ரூஃப் காட்டினேன். கோமதி வெகுநேரம் பார்த்தாள். "இப்ப அடிக்கலாம்" என்றாள்.

4. திறப்பு விழா

வில் குடத்தோடு வந்தது. விழாவன்று காலை உள்ளே நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் அது வளைவு மேலாக நிற்கிறது! பக்கத்தில் சார், முகமெல்லாம் பெருமை.

"வாசல் மாதிரி ஜோரா இருக்குல்லா வே?"

"ஐயோ சார், சாவியக் குடுங்க!"

திறந்து, குடத்தோடு சேர்த்து, நாண் மேலாக நான் திருப்பி வைத்து நிமிர்ந்தபோது வாசலில் கோமதி நின்றிருந்தாள். முழுவதும் பார்த்துவிட்டாள் போல.

"பரவால்ல அண்ணாச்சி. அடுத்த கொடைக்குக் குடம் அடிக்க வாரீயளா?"

டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒரு பொருளை வரையுமுன், அதைப் பிடித்து வேலை செய்கிற கையைப் பாருங்கள். போன வாரம் ஒரு சலூனுக்கு லோகோ கேட்டார்கள். முதலில் போய் முடி வெட்டிக்கொண்டேன்.