மூடாத உப்பு

புலம்பெயர்ந்து வந்த மோர்னிங்சைட்டில் நாங்கள் மரக்கறி வாங்கும் பிளாசாவின் கார் பார்க் மூலையில், பனிக்காலத்துக்கென்று உப்பைக் கொட்டிக் குவித்திருந்தார்கள். மழை தூறியது. அம்மா அதனருகே போய் நின்றுவிட்டார்.

"உதை ஒருத்தரும் மூடேல்லையே?"



அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தார். மரமே இல்லாத வெளி. நண்பகலில் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தும். அவர் கழற்றி மாட்டும் சேர்ட் உப்பு ஊறி மட்டைபோல விறைத்து நிற்கும். கடைசியாக வெளிக்கிடுகிறவர் உப்புக் குவியல்களை மழையில் கரையாதபடி தென்னங்கிடுகால் மூடிவிட்டுத்தான் வரவேண்டும் என்பது அங்கே ஒழுங்கு.

ஷெல் விழுந்து ஊரே இடம்பெயர்ந்து நடந்த அன்று வானம் கறுத்திருந்தது. அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் அப்பாவின் தோளில் இருந்தேன். உயரத்திலிருந்து எனக்குத்தான் தெரிந்தது.

"அப்பா, அங்க ஒரு குவியல் மூடேல்லை."

அவர் என்னை இறக்கி அம்மாவிடம் விட்டார். "நீங்கள் நடவுங்கோ, நான் மூடிப்போட்டு வாறன்."

இரண்டு நாளில் எல்லோரும் வீடு திரும்பிவிடுவோம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். அவர் வரவேயில்லை. மூடினாரா என்பதும் தெரியாது.

"அம்மா, உது பனி கரைய ரோட்டில கொட்டுற உப்பு. ஒருத்தரும் மூடமாட்டினம்."

"ரோட்டில கொட்டவோ?" அம்மா குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். "உதுக்குத்தானே அந்த மனிசன் திரும்பிப் போனது. ஆர்தான் அவருக்குக் காட்டினதோ."

"மழை கூடுது, வாங்கோ அம்மா," என்றேன்.