விளக்கில் பிடித்த முட்டை

பிள்ளைகளே, முட்டையை உடைக்குமுன் அப்பா விளக்கில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு நீங்கள் சிரிப்பீர்கள். அந்தப் பழக்கம் வந்த கதையை எழுதுகிறேன். இதில் அப்பா நல்லவன் இல்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் நான் மலாக்கா கால்நடை அலுவலகத்தில் எடுபிடி. காஜா பேராங்கில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். மாமா இறந்துவிட்டார், பிள்ளை கிடையாது. கோழிகள்தான் அத்தைக்கு எல்லாம். அவை ஒவ்வொன்றாக மெலிந்து, கொண்டை வெளுத்துச் செத்தன. ஒன்றை அறுத்துப் பார்த்த எங்கள் அலுவலகக் கால்நடை டாக்டர், வீங்கிக் கிடந்த ஈரலைக் காட்டி, மிச்சத்தையும் கொன்று எரிக்கச் சொன்னார். கழுத்தை முறித்தது நான்.

அத்தை பன்னிரண்டு முட்டைகளை அரிசிக்குள் ஒளித்து வைத்திருந்தார். "இதுலயும் சீக்கு இருக்குமா தம்பி?" என்றார். அலுவலகத்தில் செய்வதுபோல ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை, இரத்தப் பொட்டு இல்லை. டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஓடு மூடியிருக்கே அத்தை, உள்ள எப்படிப் போகும்? அடை வைங்க" என்றேன்.

இரவல் வாங்கிய அடைக்கோழி பொரித்துத் தந்த குஞ்சுகளை, "என் பேரப்பிள்ளைங்க, பாத்துக்குங்க" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். ஆறேழு மாதத்தில் அவையும் செத்தன, கூட வளர்ந்தவையும் செத்தன. எதிர்வீட்டு அம்மாள் செத்த கோழிகளை எங்கள் வாசலில் வீசினார்.

"இந்தா, உன் பேரப்பிள்ளைங்க. நீயே கொள்ளி வை."

"மலடி கை பட்டா வேற என்ன லா நடக்கும்?" என்று இன்னொருத்தி சிரித்தாள்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ பாத்துத்தானே தம்பி சொன்ன? சொல்லேன்."

அலுவலகத்துக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அன்றும் எனக்குச் சோறு போட்டார். அதன்பின் சாகும்வரை அந்தத் தெருவில் ஒரு விசேஷத்துக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை.

மூத்தவளே, போன வாரம் நீதான் உன் பாடத்தை எனக்கு விளக்கினாய். கோழிகளின் ஈரலை வீங்க வைத்துக் கொல்லும் ஒரு வகை வைரஸ் தன்னை டி.என்.ஏ.வாக நகலெடுக்குமாம். இன்டக்ரேஸ் என்ற நொதி நகலின் நுனிகளைச் சீவி, செல்லின் குரோமோசோமை வெட்டி, அதற்குள் ஒட்டிவிடுமாம். மிஞ்சிய இடைவெளியைச் செல்லே தைத்து மூடுமாம். அப்புறம் பிரித்தெடுக்கவே முடியாதாம். தாய்க்கோழியிடமிருந்து முட்டைக்குள் போன வைரஸ், ஓடு உடையுமுன்பே குஞ்சுக்குள் அந்த வேலையை முடித்துவிடுமாம். எந்த விளக்கிலும் அது தெரியாது. "பாவம்பா அந்தக் கோழிங்க" என்றாய்.

நீ வகுப்புக்குப் போனபின் ஒரு முட்டையை விளக்கில் பிடித்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. "நான்தான் அடை வைக்கச் சொன்னேன்" என்று ஆளில்லாத சமையலறையில் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு அந்த முட்டையை அரிசிக்குள் வைத்து மூடினேன்.