"போறேன்" என்று சொல்லவிடாத பாக்கியம் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை மளிகைக் கடை போனுக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "பாக்கியம் அக்கா தவறிட்டாங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்காவின் பைண்டிங் கடையில் நோட்டுப் புத்தகம் வாங்கியவர்கள் பலர். அங்கே நோட்டுத் தைத்தவர்கள் எல்லோரும் சிறையிலிருந்து விடுதலையானவர்கள் என்று அறிந்தவர்கள் சிலரே. உள்ளே தொழில் கற்றவர்களுக்கு வெளியே வேலை தர ஆளில்லை என்று கேள்விப்பட்டுத்தான் அவர்களைச் சேர்க்க ஆரம்பித்தார். விடுதலை நாளில் தானே சிறை வாசலுக்குப் போய் அழைத்து வருவார். வெளியே வந்ததும் முதலில் டீ கேட்பார்களா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல கண்ணு, பஸ்ஸுல ஜன்னலோரம் கேப்பாங்க" என்றார்.

பள்ளி விட்டதும் நான் அந்தக் கடையில்தான் இருப்பேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனு எழுதும் வேலை எனக்கு. ஒருவரின் ரேஷன் கார்டு மனுவில், பெயருக்கு முன்னால் "முன்னாள் கைதி" என்று கவனமாக எழுதினேன். அக்கா அதை அடித்துவிட்டு, "ஆறாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயிலானியே, அத்த உன் பேருக்கு முன்னாடி போட்டுக்கினியா?" என்றார். கடையே சிரித்தது.

ஏழுமலை அண்ணன் ஒன்பது வருடம் சிறையில் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பொழிச்சலூரில் ஓர் அறை பிடித்திருந்தார். முடிச்சூரில் தாய்வீட்டில் இருந்த அண்ணி, அந்த ஞாயிறு அவரோடு வாழ வருவதாக இருந்தது. வியாழனன்று பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. வீட்டுக்காரர் அண்ணனை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மாலையில் துணிப்பையோடு கடை வாசலில் வந்து நின்று, "நான் போறேங்க்கா" என்றார். நம்மில் யாரும் அப்படி விடைபெறுவதில்லை. ஆனால் சிறையை விட்டுக் கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்றால் மறுபடியும் உள்ளே வர நேரும் என்பார்கள். அங்கே பழகிய சொல் அது.

அக்கா பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அது ஜெயில் வாசல்ல சொல்றது. இத்த இன்னான்னு நெனச்சுக்கினு கீற? 'போயிட்டு வரேன்'னு சொல்லு."

அண்ணன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினார்.

"சொல்லு ஏழுமலை."

"போயிட்டு வரேங்க்கா."

"அப்ப நட. நானும் வரேன்."

என்னையும் அழைத்துக்கொண்டு பொழிச்சலூருக்குப் பஸ் ஏறினார். வீட்டுக்காரரிடம் அவர் கெஞ்சவில்லை. தெருவே எட்டிப் பார்க்க, எப்போதும் பேசும் அதே குரலில் சொன்னார்: "சார், உங்க வூட்ல ஒரு குண்டூசி காணோம்னாலும் நேரா என் கடைக்கு வாங்க. இவன் எங்க ஆளு."

வீட்டுக்காரர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். சைக்கிளை எடுத்துப் போனது அதன் சொந்தக்காரரின் மச்சான்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு மாதம் இப்போது இரண்டு வருடமாகியிருக்கிறது.

ஒருவருக்காகப் பரிந்து பேசும்போது குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். அடுத்த வாரம் இன்னொருவர் விடுதலையாகிறார். ஏழுமலை அண்ணனும் அண்ணியும் அழைத்து வரப் போகிறார்கள். பொழிச்சலூர் வீட்டில் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்கப் போவது நான்.