கன்னம் வீங்கிய இறால்கள்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் பின்பக்கச் சமையலறை. சாரல் உள்ளே அடிக்காமலிருக்க வாசலில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வாசலில் என்னை நிறுத்திவைத்து, சமையற்காரர் ஒரு இறாலை எடுத்துக் காட்டினார். வெந்து சிவந்த இறால். தலை ஓட்டின் ஒரு பக்கம் மட்டும், பல்வலி வந்தவன் கன்னத்தைப் போலப் புடைத்திருந்தது. அந்த இடத்தை அவர் நகத்தால் நெம்பினார். செவுளோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளரி விதை அளவில், தட்டையாக, ஒரு பக்கம் கோணியபடி ஒரு உயிர் வெந்து கிடந்தது. "எக்கா, நேத்து ஒரு குடும்பம் அருவியில குளிச்சிட்டுச் சாப்பிட வந்துது. அந்தப் பிள்ளை தட்டுல இது கெடந்திருக்கு. மொதலாளி இனிமே உங்க எறால் வேண்டாம்னுட்டாரு" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. பரிதாபப்பட்டார். ஐந்தருவிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் எங்கள் குளத்து இறால்தான் போயிருந்தது. அங்கே போய் முகத்தைக் காட்டத் தைரியம் இல்லாமல், நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

அந்தப் புடைப்பு எனக்குப் புதிதல்ல. நாலு மாதத்துக்கு முன்பே குளத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்துக் கேட்டுமிருக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொன்னவர் என் கொழுந்தன். அந்தப் பதிலை நம்பினேன்.

நம்பாமல் எப்படி இருப்பேன்? விலங்கியல் பட்டப்படிப்பில் கடைசி வருஷம் மிச்சமிருக்கும்போதே எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவர் ராணுவத்தில் இருந்தார். நாற்பது நாள் லீவு முடிந்து அவர் கிளம்பிப் போனதும், ஆய்க்குடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் மாமியாரும் நானும் கொழுந்தனும்தான். மாமியாருக்கு நான் படிப்பைத் தொடர்வதில் இஷ்டமில்லை. கொழுந்தன்தான் அவரிடம் மல்லுக்கு நின்றார். ஒரு வருஷம் முழுக்க என்னைக் காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பைக்கில் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் பஸ் தாமதமானால் பூக்கடை ஓரத்தில் நின்று காத்திருப்பார். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் கிடந்தவரும் அவர்தான். எனக்கு உடன்பிறந்த ஆண்கள் கிடையாது. அவர் "மதினி" என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தக் குறை எனக்குத் தீர்ந்துபோகும்.

இறால் வளர்க்கலாம் என்றது நான். வாய்க்காலை ஒட்டி எங்களுக்கு இருந்த வயலில் தண்ணீர் நிற்கும். படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைக்கும் என்ற ஆசை. பயிற்சிக்குப் போய் வந்தேன். குளம் வெட்டினோம். இறால் ஓடு கழற்றும் நேரத்தில் உடம்பு மெத்தென்று இருக்கும்; அப்போது மற்ற இறால்கள் அதைத் தின்றுவிடும். அவை ஒளிந்துகொள்ளப் பனையோலைகளைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். தீனி என் பொறுப்பு. காலையில் கொஞ்சம், இருட்டுமுன் நிறைய. தட்டில் வைத்து இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பேன். மிச்சம் இருந்தால் மறுநாள் குறைப்பேன். கடையில் வாங்கும் குருணைத் தீவனத்தோடு கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்ப்பேன். வாரத்தில் இரண்டு நாள் வயல் நத்தை. நத்தைக்குள் புழு இருக்கும் என்று படித்திருந்ததால், கொதிக்கவைத்து, ஓட்டை நீக்கி, சதையை நறுக்கித்தான் போடுவேன். மாமியார் அந்த நாற்றத்துக்குப் பயந்து வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். வெளிவேலை எல்லாம் கொழுந்தனுடையது. குஞ்சு வாங்குவது, வேன் பிடிப்பது, குற்றாலத்தில் லாட்ஜ்காரர்களிடம் பேசுவது.

எங்கள் மகளிர் குழுவிலிருந்து மூன்று பேர் தங்கள் வயலிலும் குளம் வெட்டினார்கள். என்னைப் பார்த்துத்தான் இறங்கினார்கள். "நோய் கீய் வந்திராதே?" என்று அவர்களில் ஒருவரான குழுத் தலைவியக்கா கேட்டபோது, "பொரிப்பகத்துக் குஞ்சுக்கா, சோதிச்சுத்தான் தருவாங்க. நான் பொறுப்பு" என்றேன். தை மாதம் நாலு குளத்துக்கும் ஒரே வேனில் குஞ்சு வந்தது.

மாசிக் கடைசியில் தீனித் தட்டில் ஏறிய சில இறால்களுக்கு ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கையில் எடுத்துக் கொழுந்தனிடம் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடு கழத்துததுக்கு முன்னால இப்படித்தான் வீங்கும் மதினி. பொரிப்பகத்துலயே சொன்னாவ. நீங்க பயப்படாதீங்க" என்றார். படித்தவள் நான். ஓட்டைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். தூக்கவில்லை. சித்திரை தாண்டியும் அந்த இறால்கள் வளரவில்லை. பெட்டைகள் பலவற்றின் வயிற்றில் முட்டையும் இல்லை. தீனி போதவில்லையோ என்று நத்தையைக் கூட்டிப் போட்டேன்.

குற்றாலத்திலிருந்து வந்த மறுநாள் பத்து இறாலை ஐஸில் வைத்துத் திருநெல்வேலிக்கு எடுத்துப் போனேன். எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியை ஒருவர் வெள்ளைத் தட்டில் ஒன்றைப் பிரித்து லென்ஸைக் கொடுத்தார். அந்தத் தட்டையான உயிர் பெட்டை. அதன் வயிற்றோரம் ஒரு துளி போல ஆண் ஒட்டியிருந்தது. இறாலின் இரத்தத்தைக் குடித்து, இறாலின் ஓட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும் ஒட்டுண்ணி. "வேகவச்சுத் தின்னா மனுஷருக்கு ஒண்ணும் செய்யாதும்மா. ஆனா இறால் வளராது, முட்டை வைக்காது" என்றார். பிறகு, "இந்தக் குஞ்சு எங்க வாங்கின?" என்று கேட்டார். பொரிப்பகம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. இந்த ஒட்டுண்ணியின் குஞ்சு முதலில் உப்புத் தண்ணீரில் வாழும் ஒரு சிற்றுயிரின் மேல் ஏறி வளர வேண்டும், அதன் பிறகுதான் இறாலுக்குள் போகும். ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் அது நடக்கும். நன்னீர்க் குளத்துக்குள் ஒரு இறாலிலிருந்து இன்னொரு இறாலுக்குத் தொற்றாது என்று விளக்கினார். "இது ஆத்து முகத்துல வலை போட்டு அள்ளின குஞ்சும்மா. வரும்போதே கொண்டுவந்திருக்கு."

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். குற்றாலத்துச் செய்தி நான் திரும்புமுன்பே அவர்களுக்கு எட்டிவிட்டது. கொழுந்தன் தூணில் சாய்ந்து நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்ய? மதினி வாரந்தவறாம நத்தைய அள்ளிப் போட்டாவ. ஒங்களையும் போடச் சொன்னாவ. நத்தையில பூச்சி இருக்கும்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

என்னைப் பார்த்ததும் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கோவிச்சுக்கிடாதீங்க மதினி. உள்ளதைத்தானே சொல்லுதேன்" என்றார்.

நான் பேராசிரியை சொன்னதைச் சொன்னேன். உப்புத் தண்ணீர், சிற்றுயிர் என்பதெல்லாம் அந்த முற்றத்தில் சாக்குப்போக்குப் போலத்தான் ஒலித்திருக்கும். "குஞ்சு எங்க வாங்குனீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். "பொரிப்பகத்துலதான்" என்றார், கண்ணிமைக்காமல். மாமியார் உள்ளிருந்து வந்து, "ஊரைக் கூட்டி வச்சு வீட்டு ஆம்பளையக் கேள்வி கேக்கியோ?" என்றார். பெண்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு, சமையலறை வாசலில் வந்து நின்று அவரே சொன்னார். பொரிப்பகத்தில் இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்களாம். காத்திருந்தால் சாரல் சீசனுக்கு இறால் தேறாதாம். லாட்ஜ்காரர்களிடம் வாக்குக் கொடுத்தாயிற்றாம். கடற்கரைப் பக்கத்துச் சிநேகிதன் ஒருவன் அள்ளித் தந்தானாம். "இப்படி ஆவும்னு கண்டேனா மதினி?" என்றார். "கன்னம் வீங்கினப்ப கண்டீங்கள்லா?" என்று கேட்டேன். வாசல் நிலையை நகத்தால் சுரண்டினார். "அப்ப எம்மேல எதுக்குப் போட்டீங்க?" அதற்கு, "நீங்க படிச்ச பொம்பளை. ஒங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாவன்னு நெனச்சேன்" என்றார். பைக்கில் என்னைக் காலேஜுக்குக் கொண்டுபோய் விட்ட அதே மனிதர்.

மறுநாள் மூன்று வீட்டுக்கும் போய், குஞ்சு எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை குழுத் தலைவியக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவன் பொய் சொல்லுதான்னு எனக்கு நேத்தே தெரியும்ட்டி. ஆனா நாங்க அவன் பேச்சக் கேட்டா வயலை வெட்டுனோம்? நீ பொறுப்புன்னு சொன்னே. அதுக்குத்தான் வெட்டுனோம்." எனக்கு நடந்ததையே நான் அவர்களுக்குச் செய்திருக்கிறேன் என்பது அந்த வாசலில்தான் உறைத்தது. அவர் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் அந்த வீட்டில் காபி குடிக்காமல் நான் திரும்பியதே கிடையாது.

ஆவணியில் என் கணவர் லீவில் வந்தார். அவரிடம் நேரில் சொல்வதற்காகவே எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தேன். மத்தியானம் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். வியப்போ கோபமோ ஒன்றும் காட்டவில்லை. ரசம் ஊற்றியபோது, இலையைப் பார்த்தபடி, "அவன் எங்கிட்ட அன்னைக்கே போன்ல கேட்டான்" என்றார்.

"என்னன்னு?"

"பொரிப்பகத்துல இல்ல, இப்படிக் கிடைக்குது, எடுக்கட்டுமான்னு. ஒன்னக் கேட்டா வேண்டாம்னுருவ. சீசன் போயிரும்லா? சொல்ல வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

கரண்டி கையிலேயே இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது, அந்த ஆறு மாதத்தில் வாரத்துக்கு மூன்று முறை அவரோடு போனில் பேசியதுதான். இறால் வளரவில்லை என்று அழுதிருக்கிறேன். நத்தையைக் கூட்டிப் போடட்டுமா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "போட்டுப் பாரு" என்று சொன்னார். கொழுந்தன் மேல் வந்த கோபம் சண்டையாக வெளியே போய்விட்டது. இதை வைத்துச் சண்டை போட எனக்குத் தெரியவில்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவர் சாப்பிட்டு எழுந்தார்.

கொழுந்தன் அடுத்த வருஷமே கல்யாணமாகி வளைகுடாவுக்குப் போய்விட்டார். பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். மாமியார் காரியத்துக்கு வந்தபோது, "மதினி, இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "சாப்பிடுங்க" என்றேன். அவர் தலையும் நரைக்கத் தொடங்கியிருந்தது. அவரை வெறுக்க முடியவில்லை. பழையபடி பிரியமாக இருக்கவும் முடியவில்லை. குழுத் தலைவியக்கா எதிரில் வந்தால் இப்போது சிரிக்கிறார். அவருடைய குளம் மறுபடி நெல்வயலாகிவிட்டது.

என் குளத்தை நான் மூடவில்லை. கணவர் ஓய்வு பெற்று வந்துவிட்டார். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். குளத்துக்கரையில் களை பிடுங்குகிறார், தீனித் தட்டைத் தூக்கிக் கொடுக்கிறார். ஒவ்வொரு தை மாதமும் குஞ்சு வாங்கும் நாள் வரும்போது, "எம்புட்டுத் தூரம் பஸ்ஸுல போவ? நான் போய்ட்டு வாரேன், நீ இரி" என்கிறார். ஒவ்வொரு வருஷமும் நான், "நானே போய்க்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். பஸ் வரும்வரை கூடவே நிற்பார். ஏன் என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.