ரங்கிடோட்டோ வெளிச்சவீடும் அத்தானின் கண்களும்

ஒருவருக்குக் கண் எவ்வளவு தெரிகிறது என்பதை அவரைப் புண்படுத்தாமல் எப்படிக் கேட்டறிவது? எனக்கு இன்னும் தெரியாது. அதற்காக ஒரு தீவுக்கே போய்வந்தேன்.

1996 பெப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. நகரின் மேற்குப் புறநகரான ரானுயியில் இருக்கும் அக்காவின் கணவர், என் அத்தான், பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வான் ஓட்டுபவர். மறுநாள் அவருக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் லைசன்ஸ் போகும், வேலையும் போகும்.

"ஃபெயில் எண்டாலும் இந்த மனுசன் வான் ஓடத்தான் போறார். நீயாவது கதைச்சுப் பார்" என்று அக்கா பொறுப்பை என் தலையில் கட்டினாள். அத்தானோ ரங்கிடோட்டோத் தீவின் வெளிச்சவீட்டுக்குப் போகலாம் என்றார். மன்னார்க்காரர், வெளிச்சவீடு பார்த்து வளர்ந்தவர்.

"தூரத்தில தெரியவேணும் எண்டுதானே அதைக் கட்டினது, மச்சாள்? அது தெரிஞ்சால் நான் வானும் ஓடுவன்."

நகரத் துறையிலிருந்து காலை 9.15க்குப் படகு. பயணம் அரை மணி நேரம். போய்வர இருவருக்கும் முப்பத்தாறு டொலர். தீவு முழுவதும் எரிமலை கக்கிய கருங்கல். வெளிச்சவீடு இறங்குதுறைக்கு மறுபக்கம், மெக்கென்சி விரிகுடாவில் இருக்கிறது. சாலை வழியே எங்கள் நடைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. "அங்க ஒரு டெயரிக் கடை இல்லாமல் போகுமே?" என்று அத்தான் சொன்னதை நம்பி ஒரே ஒரு போத்தல் தண்ணீர்தான் கொண்டுபோயிருந்தேன். கடை எதுவும் இல்லை. பாதி வழியிலேயே எனக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது.

விரிகுடா தெரியும் வளைவில் அத்தான் நின்றார். கரையோரப் பாறையில் சிறிய கோபுரம். வெள்ளை நிறம், நடுவில் அகலமான சிவப்புப் பட்டை.

"தெரியுது. வெள்ளை."

"வெளிச்சவீடு எண்டால் வெள்ளைதானே, அத்தான். நடுவில என்ன?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நடுவில... யன்னல்."

"யன்னலோ?"

"ஓம். நீர் என்ன, லைசன்ஸ் ஒஃபிசரோ?"

"அது சிவப்புப் பட்டை, அத்தான். இங்க நிண்டே எனக்குத் தெரியுது."

அவர் நடையை எட்டிப் போட்டார். கோபுரத்தை நெருங்கியதும் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சிவப்புத்தான். இப்பதான் பெயின்ற் அடிச்சிருப்பாங்கள்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"உம்மட அக்காட்டைச் சொல்லுவீரோ?"

"கேட்டால் சொல்லுவன்."

மாலை 3.45 படகில் அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், சாப்பாடு, தொப்பி, மூடிய சப்பாத்து கட்டாயம். கடைசிப் படகைத் தவறவிட்டால் தங்க இடமில்லை. வெளிச்சவீட்டில் ஆள் கிடையாது, கதவும் பூட்டு. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். அதற்காக இவ்வளவு நடக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கடற்காற்று மட்டும் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பரிசோதனைக்கு முன், அக்கா வீட்டுக்குப் போனேன். வான் வாசலில் நின்றது, சாவி அதிலேயே இருந்தது. அத்தான் இடப்பக்க இருக்கையில் பெல்ற் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மறுபக்கம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினேன்.

"ரெண்டாம் கியர் கொஞ்சம் இறுக்கம்" என்றார். "பார்த்துப் போடும்."